அப்பாவுக்கு ஒரு லாஞ்சர்

பிப்ரவரி 9

அப்பா இன்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஃப்ளைட்கியர் என்ற விமான சிமுலேட்டரைக் கிளப்ப, கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்து எஃப், ஜி, எஃப், எஸ் என்று இடது கையால் தேடித் தேடி அடித்தார், அதோடு நின்றுவிட்டார். முன்பெல்லாம் விமானம், விமான நிலையம், ஓடுபாதை, நேரம், வானிலை என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் தட்டிவிட்டு நிமிர்வார். "அப்புறம் பாக்கலாம்" என்று மூடிவிட்டார்.

பிப்ரவரி 10

தூக்கம் இல்லை.

பிப்ரவரி 11

கட்டளை அடிக்காமல் சொடுக்கியே கிளப்ப ஃப்ளைட்கியருக்குள்ளேயே ஒரு லாஞ்சர் இருக்கிறது. அதைத்தான் முதலில் திறந்து காட்டினேன். அழகாகத்தான் இருக்கிறது, விமானங்களைப் படத்தோடு காட்டுகிறது, இல்லாததை அங்கேயே இறக்கிக்கொள்ளலாம். ஆனால் விமானத்துக்கு ஒரு பக்கம், இடத்துக்கு ஒரு பக்கம், வானிலைக்கு ஒரு பக்கம் என்று தாவிக்கொண்டே இருக்க வேண்டும். அப்பா இரண்டாவது பக்கத்தில் முதல் பக்கத்தைத் தேடினார். அவர் முகத்தைப் பார்த்ததும் நானே மூடிவிட்டேன். பழைய கையேடுகளில் வரும் எஃப்ஜிரன் என்ற லாஞ்சர் இப்போது ஃப்ளைட்கியரோடு சேர்ந்து வருவதில்லை. எல்லாம் ஒரே ஜன்னலில் இருக்க வேண்டும், மவுஸ் மட்டும் போதுமானதாக இருக்க வேண்டும். எஃப்எஃப்கோ என்று ஒன்று இருக்கிறது, எஃப்கோ என்ற பழைய லாஞ்சரிலிருந்து கிளைத்தது. பைத்தானில் எழுதியது. இடது பக்கம் விமானங்கள், பக்கத்தில் விமான நிலையங்கள், கீழே எழுத்துப் பெட்டி. நாளை.

பிப்ரவரி 13

டிகின்டர் இல்லையாம். பைத்தான் இருக்கிறது, டிகின்டர் இல்லை. ஜன்னல் வரைகிற பகுதியை டெபியன் வகை லினக்ஸ்களில் தனிப் பொதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், பைத்தான்3-டிகே என்று கேட்டு வாங்க வேண்டும். படங்களுக்கு பில்லோ என்ற நூலகம் வேண்டும். நிபந்தனைகளைப் படிக்க கான்ட்கான்ஃபிக்பார்ஸர் என்று ஒரு சின்ன நூலகம். பைத்தான் நூலகங்களை இறக்கித் தரும் பிப் வைத்துப் போடலாம் என்றால், இது சிஸ்டம் பார்த்துக்கொள்கிற பைத்தான், இதில் கை வைக்காதே என்று புதிய டெபியன் தடுக்கிறது. நியாயம்தான், சிஸ்டத்தின் பாதி வேலை அந்தப் பைத்தானை நம்பித்தான் ஓடுகிறது. சிஸ்டத்தைத் தொடாத தனி இடமாக வெர்ச்சுவல் என்விரான்மென்ட் ஒன்றை உருவாக்கி அதற்குள் போட்டேன், சத்தமில்லாமல் ஏறிக்கொண்டது.

பக்கத்து அறையிலிருந்து இருமல் கேட்டால் கை தானாக நின்றுவிடுகிறது. இருமல்தான். வேறு ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 14

ஜன்னல் திறந்தது, பட்டியல் காலி. செட்டிங்ஸில் பாதைகள் கொடுக்க வேண்டும்: ஃப்ளைட்கியர் நிரல் எங்கே, எஃப்ஜி ரூட் எங்கே, நிலக்காட்சி எங்கே, கூடுதல் விமானங்கள் எங்கே. ரூட் என்பது அடிப்படைத் தரவு மொத்தமும் இருக்கிற அடைவு, விமான நிலையங்களின் பெரிய கோப்பும் அதற்குள்தான். அதைச் சரியாகக் காட்டியதும் உலகத்து விமான நிலையங்களை எல்லாம் உட்கார்ந்து வரிசைப்படுத்தியது. அப்பாவைக் கூப்பிடலாமா என்று யோசித்து, வேண்டாம், முதலில் ஒருமுறை நானே பறந்து பார்க்கிறேன் என்று விட்டுவிட்டேன்.

பறந்தேன். கீழே முழுக்கக் கடல்.

பிப்ரவரி 15

நிலக்காட்சி இல்லாத இடத்தையெல்லாம் ஃப்ளைட்கியர் தண்ணீராகக் காட்டும். அடிப்படைப் பொதியில் ஒரு சின்னப் பகுதிதான் வரும், மற்ற இடமெல்லாம் டெர்ராசிங்க் என்ற வசதி பறக்கப் பறக்க இறக்கிக்கொள்ள வேண்டும். அதை இயக்கும் வரியைக் கீழ்ப்பெட்டியில் சேர்த்தேன். மலை வந்தது.

பிசியோ இன்று வரவில்லை.

பிப்ரவரி 16

இன்று பிசியோ வந்தார். வலது கையை உபயோகிக்க வையுங்கள், இடது கையே எல்லாம் செய்துவிட்டால் வலது கை மறந்துவிடும் என்றார். எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது. நான் இத்தனை நாளாகச் செய்துகொண்டிருப்பது என்ன? வலது கையே தேவைப்படாத ஒரு ஏற்பாடு. டேப் விசையைத் தட்டினால் மவுஸே விமானத்தின் கைப்பிடியாகிவிடும், ஆட்டோ கோஆர்டினேஷன் போட்டுவிட்டால் இறக்கையைச் சாய்க்கும்போதே வால் சுக்கானும் கூடத் திரும்பும், காலும் வேண்டாம், இன்னொரு கையும் வேண்டாம். செஸ்னா என்ற சின்ன விமானத்தின் மெனுவில் ஆட்டோஸ்டார்ட் இருக்கிறது, எஞ்சினைக் கிளப்ப விசைகளைத் தேடவும் வேண்டாம். எல்லாவற்றையும் இடது கைக்கு இழைத்து இழைத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் டெர்மினல் முன்னால் பாதியில் நின்ற அந்த நாளை நினைத்தால், பறக்கவே பறக்காமல் கை மட்டும் தேறி என்ன பயன் என்றும் தோன்றுகிறது. பிசியோவிடம் கேட்கலாம், அவர் சரியாகத்தான் சொல்வார், அதனால்தான் கேட்கப் பிடிக்கவில்லை. அக்காவிடம் சொன்னால் "நீ ரொம்ப யோசிக்கிற" என்பாள். ஆமாம், யோசிக்கிறேன், இந்த வீட்டில் வேறு யார் யோசிப்பது?

ஆட்டோ கோஆர்டினேஷன் வரிக்கு முன்னால் ஒரு ஹாஷ் குறி போட்டேன், வரி செயலிழந்தது. எடுத்தேன். போட்டேன். கடைசியில் எடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 17

அப்பா பார்த்தார். முதலில் வலது பக்கக் கீழ்ப்பெட்டியைத்தான் பார்த்தார், லாஞ்சர் கடைசியில் ஃப்ளைட்கியருக்குக் கொடுக்கப்போகும் கட்டளை அதில் அப்படியே தெரியும். மேலே ஒரு விமானத்தைச் சொடுக்கினால் அந்த வரி மாறுகிறது, ஓடுபாதையை மாற்றினால் இந்த வரி. கொஞ்ச நேரம் சொடுக்கிச் சொடுக்கிப் பார்த்துவிட்டு, "அதே கட்டளைதானா இது? வேற ஒண்ணும் இல்லியே?" என்றார். அதே கட்டளைதான்ப்பா. அதற்கப்புறம்தான் அவருக்கு இதன் மேல் நம்பிக்கை வந்தது. ஆட்டோ கோஆர்டினேஷன் வரியைப் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 18

லுக்லா.

பிப்ரவரி 19

நேற்று மாலை முழுக்க லுக்லா, நேபாள மலைகளுக்கு நடுவில் இருக்கிற விமான நிலையம். 527 மீட்டர் ஓடுபாதை, கிட்டத்தட்ட 12 சதவீதச் சரிவு. ஓடுபாதையின் 06 என்ற முனையிலிருந்து ஏற்றத்தில் இறங்க வேண்டும், 24 என்ற எதிர்முனையிலிருந்து இறக்கத்தில் கிளம்ப வேண்டும், அந்தப் பக்கம் மலை என்பதால் இறங்க முடியாமல் திரும்பி மேலே போகிற பேச்சே இல்லை. அந்த உயரத்தில் காற்று மெலிந்திருக்கும், செஸ்னாவுக்கு எரிபொருள் கலவையைக் குறைக்காவிட்டால் எஞ்சின் திணறும் என்று அப்பா எனக்கு வகுப்பு எடுத்தார், நடுவில் வார்த்தை சிக்கியபோது காத்திருந்தேன், எடுத்துக் கொடுக்கவில்லை. மலையில் மோதினார். சிரித்தார்.

தேடல் பெட்டியில் வி, என், எல், கே என்று அதன் குறியீட்டை அடித்தால் லுக்லா வரும். பட்டியலைக் கடைசியாகத் திறந்த இடத்திலேயே வைக்க வழி இருக்கிறதா என்று பார்க்கப் போனவன் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நான்கு எழுத்து. எந்தக் கையில் அடிக்கிறார் என்று நின்று பார்க்கவும் இல்லை.

பிப்ரவரி 21

எரிச்சலான நாள். மருந்து மாறியிருக்கிறது, காரணம் யாரும் சொல்லவில்லை. அப்பா கம்ப்யூட்டர் பக்கமே வரவில்லை. நிபந்தனைப் பகுதியை எழுதிக்கொண்டிருந்தேன், செஸ்னா என்றால் இந்த வரிகள், வேறு விமானம் என்றால் அவை வேண்டாம் என்று லாஞ்சரே பார்த்துக்கொள்ளும். யாரும் கேட்காத வேலை. மதியம் வரை அதில்தான் இருந்தேன்.

பிப்ரவரி 22

அக்கா ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகிறாள். ஒரு மாதம் என்கிறாள். அவள் வீட்டில் விண்டோஸ். அதில் பைத்தான் போட்டால் டிகின்டர் கூடவே வந்துவிடும், அது ஒரு நிம்மதி, ஆனால் நிலக்காட்சி அடைவுகளுக்கு நடுவில் இங்கே முக்காற்புள்ளி, அங்கே அரைப்புள்ளி. ரூட் பாதையும் வேறு. அவளிடம் போனில் சொல்லி முடியாது, நானே ஒரு நாள் போய்த்தான் போட வேண்டும். ஃப்ளைட்கியரை மட்டும் இப்போதே இறக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்,