தேங்காய்த் தொட்டியிலிருந்து சூப்பர் கெபாசிட்டர் கரி

காங்கேயம் வட்டாரத்தில் கொப்பரைக்கு உடைத்த தேங்காயின் தொட்டி (சிரட்டை) கரியாகி, தண்ணீர் வடிகட்டும் ஆக்டிவேட்டட் கார்பனாகிறது. மின்சாரத்தை நொடிகளில் ஏற்றி இறக்கும் சேமிப்பானான சூப்பர் கெபாசிட்டரின் எலெக்ட்ரோடுக்கும் (மின்முனைக்கும்) இதே தொட்டிதான். ஜப்பானின் குராரே விற்கும் ஒய்பி-50எஃப் கரிக்கும் மூலம் தேங்காய்த் தொட்டியே. சாம்பல் மிகக் குறைவு என்பதுதான் இதன் பலம். உமியில் சிலிக்கா மிகுதி. அதைக் கரைத்து எடுப்பதே தனி வேலை.

நார் ஒட்டாமல் சுரண்டிக் கழுவிக் காயவைத்து, காற்றுப் புகாமல் 500 டிகிரியில் சுட்டால், 100 கிராம் தொட்டிக்குச் சுமார் 30 கிராம் கரி. கரியில் நுண்துளைகள் உண்டாக்க, அரைத்துச் சலித்து, ஒரு பங்கு கரிக்கு மூன்று பங்கு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தை நீரில் கரைத்து ஊறவைத்து, உலர்த்தவும். சூடாக்கும் மூசை (கிண்ணம்) நிக்கலாக இருக்கட்டும். குவார்ட்ஸையும் அலுமினாவையும் காரம் அரித்துவிடும். 360 டிகிரியில் காரம் உருகி நுரைக்கும். ஆகவே மூன்றில் ஒரு பங்குதான் நிரப்ப வேண்டும். நைட்ரஜன் ஓட்டத்தில் நிமிடத்துக்கு 5 டிகிரி ஏற்றி, 400-ல் அரை மணி நிறுத்தி, பிறகு 800-ல் ஒரு மணி.

இங்கேதான் ஆபத்து. வினையில் பொட்டாசியம் உலோகம் உண்டாகி, 760 டிகிரி வாக்கில் ஆவியாகிக் குழாயின் குளிர்ந்த முனையில் படிகிறது. அதில் தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும். முழுக்க ஆறும்வரை நைட்ரஜனை நிறுத்தக் கூடாது. முதலில் ஐசோபுரோப்பனால், பிறகுதான் தண்ணீர்.

கழுவுவதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கலக்கி வடித்து, கொதிநீரில் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். பிஎச் 7 வந்தாலே போதாது. வடிநீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்கள். வெள்ளையாகக் கலங்கினால் துளைக்குள் குளோரைடு இன்னும் இருக்கிறது. குளோரைடும் இரும்பும் மிஞ்சினால் ஏற்றிய சார்ஜ் தானாகவே இறங்கும்.

எலெக்ட்ரோடு பூச்சுக்குக் கரி 80, மின்கடத்தும் கார்பன் பிளாக் 10, ஒட்டவைக்கும் பாலிமரான பிவிடிஎஃப் 10 சதவீதம் என்பது வழக்கமான கலவை. கிராமுக்கு 300 ஃபாரட் (சார்ஜ் தேக்கும் திறனின் அலகு) என்று வரும் அறிக்கைகளை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன். ஒரு எலெக்ட்ரோடின் திறனை மட்டும் காட்டும் மூன்று எலெக்ட்ரோடு அளவீட்டில் வந்த எண், இரண்டு எலெக்ட்ரோடு செல்லில் மொத்தக் கரி எடைக்குக் கணக்கிட்டால் கால்வாசிதான். பூச்சும் சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிகிராமாக இருக்கும். சந்தைக்கு 10 வேண்டும். கிராமுக்கு 3000 சதுர மீட்டர் பரப்பு என்ற பெருமையும் அப்படித்தான்: துளை கூடக்கூடக் கரி இலேசாகி, கன அளவுக்கான திறன் விழுகிறது.

செல் தாங்கும் மின்னழுத்தம் நீர் எலெக்ட்ரோலைட்டில் சுமார் 1 வோல்ட், அசிட்டோநைட்ரைல் என்ற கரிமக் கரைப்பானில் 2.7. ஃபாரட் மாறாவிட்டால் ஆற்றல் ஏழு மடங்கு. ஆனால் எலெக்ட்ரோடை வெற்றிடத்தில் 120 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தாவிட்டால், மிஞ்சிய ஈரம் சிதைந்து வாயுவாகி செல் உப்பிவிடும்.

ஆலைகளுக்கு ஏற்றது, காரத்துக்குப் பதில் நீராவியால் துளையிடும் முறையே. கிலோ கரிக்கு மூன்று கிலோ காரம், அதன் கழிவுநீர் என்றால் பெரும்பாலும் கட்டுப்படியாகாது.