ஆவணிக் காசு, மார்கழி வாடகை

திருவையாற்று வீட்டைக் காலி செய்து மூன்று வாரம் ஆகிறது. நேற்றுதான் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். சீவாளி டப்பாவுக்குக் கீழே எங்கள் வீட்டுக் கணக்கு நோட்டு கிடந்தது. அட்டையில் எண்ணெய்க் கறை, முதல் பக்கத்தில், கூடக் குடியிருந்த தவில்காரனின் கையெழுத்தில் பெரிதாக ஒரு கணபதி. பிள்ளையார் சுழி போட்டால் போதாது, பிள்ளையாரையே போடவேண்டும் என்று அன்றைக்கு அடம்பிடித்தான்.

நாங்கள் நான்கு பேர். அரசு இசைக் கல்லூரியில் நான் நாயனம், அவன் தவில், இன்னொருவன் பிடில். நான்காமவன் அரசர் கல்லூரியில் தமிழ் படித்தவன், அவன் புலவர். மூன்று வருடமும் வீட்டுக்குள் எங்களுக்கு இவைதான் பெயர். புலவரின் அம்மாவே போன் செய்தால் "புலவர் இருக்காராப்பா?" என்று கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

2022-ல் ஆடிப்பெருக்கு முடிந்த வாரத்தில் குடிபோனோம். அந்த வருடம் மேட்டூரை மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். வழக்கமாக ஜூன் 12. ஆடியில் வெள்ளமும் சேர்ந்துகொள்ள, காவிரி படிக்கட்டுகளை விழுங்கிக்கொண்டு போனது. வீடு ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில்: திண்ணை, ரேழி, சின்ன முற்றம், கூடம், கொல்லையில் அடிபம்பும் கழிப்பறையும். வாடகை 6,500. வீட்டுக்காரர் தஞ்சாவூரில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். நாங்கள் "சார்" என்போம்.

அட்வான்ஸ் ஐம்பதாயிரம் கேட்டார். புலவர் எங்கேயோ படித்துவிட்டு வந்திருந்தான். "ஐயா, 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்படி, வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது" என்று மேடைத் தமிழில் ஆரம்பித்தான். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, அந்த 'ஒப்புக்கொண்டால் ஒழிய'ன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான் இப்ப பேசிக்கிட்டிருக்கோம்" என்றார். முப்பதாயிரத்தில் முடிந்தது. இருபது ரூபாய்ப் பத்திரத்தில் பதினொரு மாதத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

அன்றைக்கு நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனம், மீட்டரை போட்டோ எடுத்து வைத்தது. அதுகூடப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொல்லித்தான். "மொதல்ல இருந்த பசங்க பாக்கி வச்சிட்டுப் போயிருந்தா உங்க தலையிலல்ல விழும்?" அவர் பயந்தபடியே 640 ரூபாய் நின்றிருந்தது. போட்டோவைப் பார்த்ததும் சார் மறுபேச்சு பேசாமல் கட்டிவிட்டார்.

முதல் இரண்டு மாதம் எல்லாவற்றையும் நாலால் வகுத்தோம். வாடகை ஆளுக்கு 1,625. பிடிலுடைய அப்பாவுக்கு மாதச் சம்பளம். ஐந்தாம் தேதி ஆனால் மகன் கணக்கில் பணம் வந்துவிடும். புலவருக்கு வீட்டிலிருந்து அண்ணன் அனுப்புவார். எனக்கும் தவிலுக்கும் ஐந்தாம் தேதி என்பது வெறும் தேதி. எங்களுக்குப் பணம் வருவது முகூர்த்தத்தில். பெரிய வித்வான்களின் செட்டில் நான் இரண்டாவது நாயனமாகவும் அவன் இரண்டாவது தவிலாகவும் போவோம். ஆவணியில் ஒரே வாரத்தில் நாலு கல்யாணம் வரும். புரட்டாசியில் ஒன்றும் வராது. ஐப்பசியில் ஏதோ ஒன்றிரண்டு. மார்கழியில் கோயிலில் திருப்பள்ளியெழுச்சி வாசித்தால் பிரசாதமும் கொஞ்சம் காசும். பில் எல்லாம் இங்கிலீஷ் மாதத்தில் வருகிறது, எங்கள் காசு தமிழ் மாதத்தில் வருகிறது. இதைப் பிடிலுக்குப் புரியவைக்க ஒரு சண்டை தேவைப்பட்டது.

அக்டோபரில் முதல் கரண்டு பில் வந்தது. 312 யூனிட், 729 ரூபாய். ரீடிங் எடுத்த நாளிலிருந்து இருபது நாளுக்குள் கட்டவேண்டும். பிடில் கட்டியிருப்பான் என்று நான் நினைத்தேன். எங்கள் பங்கு தன் கைக்கு வரட்டும் என்று பிடில் காத்திருந்தான். கையில் காசில்லாததால் தவில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. புலவருக்கு மின்சாரம் என்று ஒன்று இருப்பதே விளக்கு அணைந்தால்தான் ஞாபகம் வரும். ஓர் ஐப்பசி மழை நாளில் சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் இருட்டு. தெருவில் எல்லார் வீட்டிலும் விளக்கு எரிகிறது. "ஃபீசைப் புடுங்கிட்டுப் போயிட்டாங்க தம்பி" என்றார் பெரியம்மா, கையில் ஒரு மெழுகுவத்தியோடு. தப்பு எங்களுடையதுதான், யாரைச் சொல்ல?

அந்த மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான் சண்டை. பிடில் என்னைப் பார்த்து "உனக்கு ஜீபேயில 180 ரூபா அனுப்பத் தெரியாதா?" என்றான். நான் சொன்னதை இங்கே எழுதமுடியாது. கடைசியில் தவில்தான் நோட்டைத் திறந்தான். ஒரு பக்கத்தில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதினான், சித்திரையிலிருந்து பங்குனி வரைக்கும்.

"மாசா மாசம் 1,625 எதுக்கு? நாலு மாசத்துப் பங்கைக் கூட்டினா ஒரு மாசத்து முழு வாடகை. ஆளுக்கு வருசத்துல மூணு மாசம், முழுசா கட்டிடுவோம். எந்த மாசம்னு அவனவன் எடுத்துக்கட்டும்."

தாளக் கணக்குப் பழகியவனுக்கு வாடகை ஒரு விஷயமா? எனக்கு ஆவணி, தை, வைகாசி. தைக்கு அவனும் ஆசைப்பட்டான். காசு சுண்டினோம், நான் ஜெயித்தேன். அவன் கார்த்திகை, சித்திரை, ஆனி எடுத்துக்கொண்டான். மிச்சம் இருந்த ஆடி, புரட்டாசி, ஐப்பசி, மார்கழி, மாசி, பங்குனி ஆறையும் மற்ற இருவரும் பிரித்துக்கொண்டார்கள். கல்யாணம் அவ்வளவாக நடக்காத மாதங்களின் அருமை அவர்களுக்குத் தெரியாது, எங்களுக்கும் அதைச் சொல்லித்தரத் தோன்றவில்லை. அதற்குப்பிறகு மூன்று வருடமும் வாடகை ஒரு நாள்கூடத் தள்ளிப்போகவில்லை. ஆவணிக் காசு கையில் வந்ததும் முழு வாடகையைத் தூக்கிக் கொடுக்கும்போது ஒரு மிராசுதார் தோரணைகூட வந்துவிடும், அது தனிச் சுகம்.

மற்ற பில்களில் வேறு ஏற்பாடு. எதற்காக எவனைத் திட்டுகிறோமோ அதற்கு அவனே பொறுப்பு. பங்கு எல்லாரும் தருவோம், ஆனால் தேதி பார்ப்பதும் கட்டுவதும் அவன் வேலை. பிடிலுக்குக் குளிர் தாங்காது, வாளியில் ஹீட்டர் ராடு போட்டுத்தான் குளிப்பான். அதனால் கரண்டு அவனுக்கு. புலவருக்கு நாளைக்கு ஐந்து காபி, அதனால் பால். 2022 நவம்பரில் ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட் லிட்டர் 60 ரூபாய் ஆனதும், யாரும் சொல்லாமலே அவன் பச்சைக்கு மாறினான். அவன் கையில் பொறுப்பு இல்லாமல் இருந்திருந்தால் அதை வைத்து எதிர்ப்புக் கவிதைதான் எழுதியிருப்பான்.

கேஸ் தவிலுக்கு. விரலில் மாட்டுகிற கூடு செய்ய மைதாப் பசை காய்ச்சுவது அவன்தான். முகவரிச் சான்று இல்லாததால் வீட்டு உபயோகக் கனெக்‌ஷன் எடுக்கவில்லை. ஆதார் அட்டையைக் காட்டினாலே தருகிற ஐந்து கிலோ சோட்டு சிலிண்டர்தான். எடைக்குப் பார்த்தால் விலை கூடத்தான், ஆனால் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். மளிகை எனக்கு. மளிகைக்காக என்னை யாரும் திட்டியதில்லை. மிச்சம் இருந்தது அதுதான்.

இடையில் ஆதார் இணைப்பு வந்தது. அந்த நவம்பரில் மின் இணைப்பு எண்ணோடு ஆதாரைச் சேர்க்கச் சொல்லி ஊரெல்லாம் முகாம் போட்டார்கள். வாடகைக்கு இருப்பவரும் தன் எண்ணைச் சேர்க்கலாம் என்பதைக் கேட்டதும் சார் மறுநாள் காலைப் பஸ்ஸிலேயே தஞ்சாவூரிலிருந்து இறங்கிவிட்டார். கையில் ஆதார் நகல் மூன்று. "உங்க மேல சந்தேகம் இல்ல தம்பி, நாளப்பின்ன வீடு யாருதுன்னு ஒரு பேச்சு வந்துடக்கூடாது பாருங்க." அப்படியெல்லாம் ஆகாது என்று அரசாங்கமே சொல்லியிருந்ததைப் புலவர் எடுத்துச் சொன்னான். சார் சிரித்துக்கொண்டே தன் ஆதாரைச் சேர்த்துவிட்டு, எங்களுக்கு அசோகா அல்வா வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகு தியாகராஜர் ஆராதனை. 2023-ல் ஜனவரி 6 முதல் 11 வரை. திருவையாற்றில் வாடகைக்கு இருக்கும் இசைக் கல்லூரிப் பையன் வீடு அந்த வாரத்தில் சத்திரம்தான், அதை யாராலும் தடுக்கமுடியாது. பிடிலின் மாமா குடும்பம், தவிலின் சித்தப்பா, எங்கள் ஊர் ஆட்கள் என்று பதினோரு பேர். பஞ்சரத்தின கீர்த்தனைக்கு முந்தின நாள் ராத்திரி சிலிண்டர் தீர்ந்தது. பக்கத்து வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பை வாங்கிவந்து விடிய விடியச் சமையல். ஹீட்டர் ராடு வாளிக்கு வாளி தாவியது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.

பிப்ரவரி பில்: 514 யூனிட், 2,062 ரூபாய்.

பிடில் முதலில் இதை நம்பவில்லை. இதற்கு முந்தின பில் 388-க்கு 1,071 தானே? கூடத்தில் உட்கார்ந்து நோட்டில் கணக்குப் போட்டான். 2022 செப்டம்பரில் வந்த விகிதப்படி முதல் நூறு யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் அடுத்த நூறு 2.25, பிறகு 400 வரை 4.50, அதற்கு மேல் 6 ரூபாய். சரியாக 500 என்றால் 1,725 வரும். ஒன்று கூடினாலும் அந்த 2.25 போய்விடும், 101-லிருந்தே 4.50 கணக்கு. 500-ஐத் தாண்டியது எட்டு ரூபாய். ஆக, கடைசிப் பதினாலு யூனிட்டுக்கு நாங்கள் கொடுத்தது 337 ரூபாய். "யூனிட்டுக்கு இருபத்துநாலு ரூபாய்டா" என்று அவன் சொன்னபோது குரல் கம்மியது.

பழி உடனே என் சுருதிப் பெட்டி மேல் விழுந்தது. நாள் முழுக்கப் பாடுகிறதாம். எங்கள் மீட்டரில் 3200 துடிப்பு ஒரு யூனிட் என்று போட்டிருக்கும், ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். எண்ணுவதற்குத் தவிலைவிடத் தோதான ஆள் யார்? திண்ணையில் சம்மணம் போட்டு மீட்டரைப் பார்த்துத் தாளம் போட்டான். சுருதிப் பெட்டி பத்து வாட், கிட்டத்தட்ட இரண்டு நிமிடத்துக்கு ஒரு மினுக்கு. "இது விளம்பத்துக்கும் விளம்பம், இதுல ஒரு யூனிட் ஓட நூறு மணி நேரம் ஆகும்" என்றான். ஹீட்டர் ராடு நொடிக்கு ஒன்றுக்கு மேல். "இது மூணாங்காலம்." பிடில் ஒன்றும் பேசவில்லை.

நிஜமான திருடன் கொல்லையில் இருந்தான். மோட்டார் தினம் இரண்டு தடவை ஓடுவதைப் பெரியம்மாதான் சொன்னார். எங்கள் நாலு பேருக்கு ஒரு தொட்டி போதும். பிளம்பர் வந்து ஃபிளஷ் தொட்டியில் ஒரு ஸ்பூன் மஞ்சள்தூளைக் கரைத்துவிட்டு, "ஒரு டீ குடிச்சிட்டு வந்து பாருங்க" என்றார். வந்து பார்த்தால் கோப்பைக்குள் மஞ்சள் கோடு. அடியில் ரப்பர் தேய்ந்து, சத்தமே இல்லாமல் நாள் முழுக்கத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஒரு எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ ஒரு யூனிட். தினம் நாற்பது நிமிடம் வீணாக ஓடியதென்றால் இரண்டு மாதத்தில் நாற்பது. அந்தப் பதினாலு எங்கே போனது என்று தேடிக்கொண்டிருந்தோம்! ரப்பருக்கும் கூலிக்கும் சேர்த்து 150 ரூபாய்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் மீட்டர் ரீடிங் நோட்டில் ஏறும். அடுத்த ஆராதனைக்கு வந்தவர்களுக்குக் கொல்லையில் விறகடுப்பு மூட்டி வெந்நீர் வைத்தோம். பாளையும் மட்டையும் பெரியம்மா உபயம். 2024 பிப்ரவரியில் 431 யூனிட், 1,311 ரூபாய். அந்த பில்லைப் பிடில் கொஞ்சநாள் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிந்தான். அந்த ஜூலையில் விகிதம் மறுபடி ஏறியது, அது வேறு கதை.

காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று சார் நாலாயிரம் பிடித்துக்கொண்டார். புலவர் சட்டம் பேச வாயெடுத்தான், நான்தான் தடுத்தேன். சுவரில் தவில் கூட்டின் மைதாப் பசை அப்பியிருந்தது உண்மைதானே.

அடுத்து வருகிறவர்களும் கல்லூரிப் பையன்கள்தான், ஜூனியர்கள். அவர்களுக்கு மீட்டரைக் காட்டினேன், ஃபிளஷ் தொட்டியைக் காட்டினேன், மஞ்சள்தூள் வைத்தியத்தைச் சொன்னேன், பன்னிரண்டு மாதக் கணக்குப் பக்கத்தை ஒரு நகல் எடுத்துக் கொடுத்தேன். அவர்களில் ஒருவன் தவில். அவன் மட்டும் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தான்.

"அண்ணே, தை மாசத்த இப்பவே நான் எடுத்துக்கலாமா?"