மூக்கனேரிக்கு உள்ளான்கள் வந்தாச்சு

சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரியில் தண்ணீர் இறங்கி ஓரத்தில் சேறு தெரிகிறது. இதற்குத்தான் காத்திருந்தேன். ஏரி தளும்பினால் வாத்துகளுக்குக் கொண்டாட்டம். சேற்றில் மேயும் சின்னப் பறவையான உள்ளானுக்கோ நிற்க இடமிருக்காது. அதற்குக் கால் நனையும் தண்ணீரும் புழு பூச்சி கிடக்கும் சேறும் வேண்டும்.

இன்று காலை பொரி உள்ளான்கள் மேய்ந்தன. முதுகெல்லாம் வெள்ளைப் பொட்டு, கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு. 60, 70 கிராம்தான் இருக்கும். சைபீரியா போன்ற வடகோடிச் சதுப்புகளில் குஞ்சு பொரிக்கும் இனம், நம் சேர்வராயன் அடிவாரத்துக்கு வருகிறது! நினைக்க நினைக்க நெஞ்சு நிறைகிறது.

(ஓயாமல் பின்பக்கத்தை ஆட்டினால் அது சாதாரண உள்ளான். அதுவும் விருந்தாளிதான்.)

சேலத்து மக்களே, அந்தச் சேற்றில் கட்டட இடிபாட்டைக் கொட்டாதீர்கள். உள்ளான்கள் சித்திரை வாக்கில் கிளம்பிவிடும். அதற்குள் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.