மலைக்குடிலை நோக்கி

ஆளரவமற்ற மலைக்குடிலுக்கு நடந்து போவதில் எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி ஏற்றம்தான். கூரை தெரிந்துவிடும்; பாதை மட்டும் வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருக்கும்.

தூரத்தை மட்டும் வைத்து நேரம் கணக்கிடாதீர்கள். ஸ்காட்லாந்து மலையேறி நைஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். முதுகில் பாரம் இருந்தால் இன்னும் கூடும். இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும், அதுதான் முக்கியம்.

1000 மீட்டர் ஏறினால் குளிர் சுமார் 6.5 டிகிரி கூடிவிடும். வியர்த்த சட்டையை உடனே மாற்றுங்கள்.

அப்புறம், கிளம்பும்போது காய்ந்த விறகைக் குடிலுக்குள் அடுக்கி வைத்துவிட்டு வாருங்கள். மழையில் நனைந்து போய்ச் சேர்ந்த எங்களுக்கு, முகம் தெரியாத யாரோ அடுக்கி வைத்த விறகுதான் அன்றிரவு கைகொடுத்தது.