வாரம் ஆறு மாத்திரை: சரவாங்கிக்கு அரசிடம் எதைக் கேட்பது

பாசி எடுக்கப் போகும் பெண்கள் விரல்களில் கந்தல் துணியைச் சுற்றிக்கொண்டுதான் கடலில் இறங்குவார்கள். பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்க்கும்போது கல் கிழிக்கும், அதற்காக. அந்தத் துணியை இறுக்கி முடிச்சுப் போட கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று அழுத்த வேண்டும். சரவாங்கி எனும் முடக்குவாதம் கண்ட கையில் சீக்கிரமே குறைவது இந்த அழுத்தம்தான். நாட்டுப்படகு விடியலில் கிளம்பிவிடும். அந்தக் கையோ எழுந்து ஒரு மணி நேரம் ஆனாலும் விறைத்தே கிடக்கும். வெந்நீரில் முக்கி, நீவி, விரல் மடங்கும்போது படகு தீவுப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கும்.

பாம்பன், வேதாளை, பெரியபட்டினம், ஏர்வாடி என்று மன்னார் வளைகுடாக் கரையில் பாசி. தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் வலையிலிருந்து நண்டு கழற்றும் வேலை. வாலிநோக்கத்தில் உப்பளம். சாயல்குடியைச் சுற்றி பனையேற்றம். எல்லாமே கைமூட்டும் முழங்காலும் போட்ட முதலீட்டில் ஓடுகிற தொழில்கள். மூட்டு போனால் தொழில் போயிற்று. இதற்கு அரசு பணம் தருவதே இல்லை என்று சொன்னால் தப்பு. தருகிறது, ஆனால் எல்லாம் கெட்டு முடிந்த பிறகு தருகிறது. என் வாதம் இந்த ஒன்றுதான்.

முதலில் எது எது என்று பிரித்துக்கொள்வோம். நம் பக்கம் எல்லாவற்றையும் "வாதம்" என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். வயதாகி முழங்கால் தேய்வது ஒன்று. காலை விறைப்பு அரை மணிக்குள் விட்டுவிடும், நடக்க நடக்க வலி கூடும். சரவாங்கி எனும் முடக்குவாதம் வேறு. உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்கும், இரண்டு கைகளிலும் மணிக்கட்டும் விரல்கணுக்களும் சேர்ந்து வீங்கும், விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். யூரிக் அமிலம் படிந்து ராத்திரியோடு ராத்திரியாகக் கால் பெருவிரல் சிவந்து துடிப்பது மூன்றாவது. சிக்குன்குனியா வந்துபோன பிறகு மாதக்கணக்கில் இழுக்கும் வலியும் உண்டு. மருந்து ஒவ்வொன்றுக்கும் தனி. இதில் காலம் தவறினால் திரும்பாத சேதம் தருவது சரவாங்கி. வீக்கம் தொடங்கி மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் சரியான மருந்து விழுந்தால் எலும்பு அரிப்பதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். விரல் ஒரு பக்கமாகச் சாய்ந்த பிறகு எந்த மாத்திரையும் அதை நிமிர்த்தாது.

அந்தச் சரியான மருந்து ஒன்றும் அபூர்வமானது இல்லை. மெதோட்ரெக்சேட். தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இருக்கிறது, விலையும் குறைவு. வாரத்துக்கு 7.5 மில்லிகிராமில் தொடங்கி 15 வரையும், தேவைப்பட்டால் அதற்கு மேலும் மருத்துவர் ஏற்றுவார். 2.5 மில்லிகிராம் மாத்திரையில் 15 என்றால் வாரத்துக்கு ஆறு. கவனியுங்கள், வாரத்துக்கு. இதைத் தினமும் போட்டுக்கொண்டு வாய் முழுக்கப் புண்ணோடும், ரத்த அணுக்கள் சரிந்தும் ஆஸ்பத்திரிக்கு வருவதுதான் இந்த மருந்தில் நடக்கும் மிக மோசமான விபத்து. கிழமையைச் சீட்டில் எழுதி வாங்குவது கட்டாயம். ஃபோலிக் அமிலம் வேறொரு நாளில். மறுநாள் குமட்டும் என்பதால், கடலுக்குப் போகாத கிழமையைத் தேர்ந்து அதற்கு முந்தைய இரவு போடுவது நல்லது. அலையில் ஆடும் வள்ளத்தில் மாத்திரைக் குமட்டலும் சேர்ந்தால் ஆளே மருந்தை விட்டுவிடுவார். சாராயம் கூடவே கூடாது. கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும் பெண்கள் மூன்று மாதம் முன்பே மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். தொடங்கிய புதிதில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு தடவை, நிலைப்பட்டபின் எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின் மூன்றையும் பார்க்க வேண்டும்.

மாத்திரை மலிவுதான். அதை வாங்கப் போகும் பஸ் மலிவில்லை. மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி ராமநாதபுரத்திலிருந்தே நூறு கிலோமீட்டருக்கு மேல், ராமேஸ்வரத்திலிருந்து கிளம்பினால் ஒரு முழு நாள். மாதம் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போனால், மூன்றாவது மாதம் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் பக்கத்தில் ஊசி. டெக்சாமெத்தசோன் எனும் ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக் எனும் வலி மருந்தும் போட்டால் சாயங்காலத்துக்குள் ஆள் எழுந்து நடப்பார், அதனால்தான் அந்த ஊசிக்கு அவ்வளவு பேர். வீக்கம் அடங்குகிறது, எலும்பு அரிப்பது நிற்பதில்லை. வருஷக்கணக்கில் போட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், திடீரென்று நிறுத்தினால் மயங்கி விழ வைக்கும். உப்பளத்தில் வெயிலில் நீர் வற்றிய உடம்போடு வலி மாத்திரையைத் தினமும் விழுங்குவது சிறுநீரகத்துக்கு நேரடி அடி. பெயரில்லாத பொட்டலத்தில் வரும் "வாதப் பொடி"யில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு. இரண்டே நாளில் பறந்துபோகிற வாதம் என்றால் சந்தேகப்படுங்கள்.

இப்போது அரசுப் பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம், வருமான வரம்பு 1,20,000. முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைக்கு அதில் இடமுண்டு. அதில் பரவலாகப் பொருத்தும் கோபால்ட்-குரோமிய வகைச் செயற்கை மூட்டுக்கு மட்டும் 2017 ஆகஸ்டில் மத்திய அரசு நிர்ணயித்த உச்ச விலை 54,720 ரூபாய், வரி தனி. ஆனால் இது படுக்கையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கான காப்பீடு. புறநோயாளியாக மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் பயன்படாது. ஆண்டுக்கு 312 சின்ன மாத்திரையை ஊர்க் கோடியில் கொடுக்க ஏற்பாடு இல்லாமல், கடைசியில் ஒரு மூட்டைக் கழற்றி மாட்ட ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம்.

மீனவர்களுக்கான குழு விபத்துக் காப்பீடு இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம் தருகிறது. இருபது வருஷம் வலை இழுத்து மூட்டு போனால் அது விபத்தில் வராது. மீன்பிடித் தடைக்கால நிவாரணத்தை 5,000-லிருந்து 8,000 ஆக்கும் அறிவிப்பு 2023 ஆகஸ்டில் நம் மண்டபத்தில் வைத்துத்தான் வந்தது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. மூட்டுக்காக யாரும் கூட்டம் கூடிக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது ஊனச் சான்று. இதில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாந்து திரும்புகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களைப் பட்டியலிடுகிறது. மூட்டுவாதம் என்ற பெயர் அதில் இல்லை. "இயக்க ஊனம்" என்ற தலைப்பின்கீழ்தான் நுழைய முடியும். பலன்கள் பெரும்பாலும் 40 சதவீதத்திலிருந்து தொடங்குகின்றன, மாதம் 1,500 ரூபாய் உதவித்தொகையும் அப்படித்தான். சான்று முகாமுக்குப் போகிற அன்று வலி தாங்காது என்று காலையில் ஊசி போட்டுக்கொண்டு போவார்கள். பதினொரு மணிக்கு டாக்டர் மடக்கிப் பார்க்கும்போது முட்டி ஓரளவு மடங்கும். எழுதுவது 20 சதவீதம். மருந்தை நிறுத்திவிட்டுப் போங்கள் என்று சொல்ல மாட்டேன், அது ஆபத்து. அதற்குப் பதிலாக, காலை எழுந்தவுடன் கை இருக்கும் நிலையைத் தேதியோடு சில நாட்கள் போட்டோ எடுத்து வையுங்கள். எக்ஸ்ரே, பழைய சீட்டுகள், சரவாங்கிக்கான ரத்தப் பரிசோதனைகளான ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. முடிவுகள் எல்லாம் ஒரே ஃபைலில்.

இன்னொன்று, வலிக்கிற ஒரு மூட்டை மட்டும் காட்டிவிட்டு வராதீர்கள். கையை அளக்கும்போது பிடிப்பு, உணர்ச்சி, வலு மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பது விதி. கிள்ளிப் பிடிப்பது, குழாயைப் பிடிப்பது, வாளியைக் கொக்கிபோல் தூக்குவது எல்லாம் அதில் வரும். பிறகு உறுப்புகளின் சதவீதத்தை அப்படியே கூட்ட மாட்டார்கள். பெரிய எண்ணோடு, சின்ன எண்ணை 90-லிருந்து பெரிய எண்ணைக் கழித்த மீதியால் பெருக்கி 90-ஆல் வகுத்துச் சேர்ப்பார்கள். கை 30, முழங்கால் 20 என்றால் 50 ஆகாது. 20-ஐ 60-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 13 சொச்சம், மொத்தம் 43. முழங்காலைக் காட்டாமல் வந்திருந்தால் 30-இலேயே நின்றிருக்கும், உதவித்தொகையும் இல்லை. முடிவு சரியில்லை என்றால் மேல்முறையீட்டுக்குச் சட்டத்தின் 59-ஆவது பிரிவு வழி விடுகிறது. தற்காலிகச் சான்று கொடுத்திருந்தால் முடியும் தேதியைப் பார்த்து இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்க ஓடுங்கள்.

உதவித்தொகை தேவைதான். ஆனால் நான் கேட்கச் சொல்வது அதற்கு முந்தைய படியை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நம் வாசலுக்கே வருகிறது. பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலப் பெண்ணிடம் இன்னும் மூன்று கேள்வியைக் கொடுத்தால் போதும். காலை விறைப்பு எவ்வளவு நேரம்? இரண்டு கையும் வீங்குகிறதா? ஆறு வாரம் தாண்டிவிட்டதா? கூடவே, கை குலுக்குவதுபோல் விரல்கணுக்களைப் பக்கவாட்டில் அழுத்தினால் முகம் சுளிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். சுளித்தால் அனுப்பிவைக்க வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்துக்கு 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. நாம் கேட்க வேண்டியது இது: வாதநோய்க்கென்று அங்கே நிலையான கிழமை, அங்கே எழுதிய மருந்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், ரத்தமும் ஊரிலேயே எடுத்து அனுப்புவது. நோயாளி மூன்று மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறினால் போதும்.

"மருந்து சப்ளை இல்லை" என்று கவுன்டரில் சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம் எளிது. அரசு மருந்துகளை வாங்குவது 1994-இல் வந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். ஒவ்வொரு நிலையமும் தனக்கு என்ன செலவாகும் என்று கணக்குக் கொடுத்துத்தான் கிடங்கிலிருந்து எடுக்கிறது. யாரும் எழுதாத மருந்து கணக்கில் வராது, கணக்கில் வராத மருந்து அலமாரிக்கு வராது, அலமாரியில் இல்லாததை டாக்டரும் எழுத மாட்டார். இந்த வட்டத்தை உடைக்க ஆள் கணக்கு வேண்டும்.

ஆகவே மனுவில் "மூட்டுவலியால் அவதிப்படும் ஏழை எளிய மக்களுக்கு உதவ வேண்டும்" என்று எழுதாதீர்கள். அதற்கு "பரிசீலிக்கப்படும்" என்றுதான் பதில் வரும். இப்படி எழுதுங்கள்: "எங்கள் ஊராட்சியில் முடக்குவாதம் என மருத்துவச் சீட்டு உள்ளவர்கள் 20 பேர். வாரம் ஆறு வீதம் நான்கு வாரத்துக்கு மெதோட்ரெக்சேட் 2.5 மி.கி. மாத்திரை 480 தேவை. பன்னிரண்டு வாரத்துக்கொரு ரத்தப் பரிசோதனை என்றால் மாதம் ஏழு பேருக்கு வரும். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவை கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும்." எண்களை உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், சீட்டு நகல்களை இணையுங்கள். பெயர்ப் பட்டியலைப் பொதுவில் ஒட்டவோ வாட்ஸப்பில் போடவோ வேண்டாம். கல்யாணம் ஆகாத பெண்கள் இருப்பார்கள்.

பாம்பன், தங்கச்சிமடம், பெரியபட்டினம் போல ஊராட்சியாக இருந்தால் கிராம சபையில் தீர்மானம் போடலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு வாய்ப்பு. வாயால் பேசிவிட்டு வந்தால் போதாது. தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைப் பார்த்துவிட்டு, நகல் கேட்டு வாங்குங்கள். அந்த நகலோடு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு.

கூடவே ஒரு தகவல் உரிமை மனு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்ட சுகாதார அலுவலர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு. "ஏன் தரவில்லை" என்று கேட்டால் தகவல் என்ற வரையறைக்குள் வராது என்று தள்ளிவிடுவார்கள். கடந்த இரண்டு நிதியாண்டில் எந்தெந்த நிலையத்துக்கு இந்த மாத்திரை எத்தனை வழங்கப்பட்டது, பிசியோதெரபிஸ்ட் பணியிடம் எத்தனை, காலி எத்தனை, அவர் எந்தெந்தத் தேதியில் எந்த ஊருக்கு வந்தார், இதற்கான பதிவேட்டுப் பக்கங்களின் நகல். இப்படிக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு அடுத்த முப்பது நாளுக்குள் எழுத வேண்டும். பதிவுத் தபால் ரசீதை மனு நகலின் பின்னால் பின் பண்ணி வையுங்கள். மேல்முறையீட்டில் முதலில் கேட்பது அதைத்தான்.