ஜெர்சி சிட்டியில் என் முதல் இலையுதிர்காலம்

1987 ஆகஸ்டில் ஜெர்சி சிட்டிக்கு வந்தேன். வீட்டுக்காரர் கீழ்த்தளத்தில் இருந்தார். துறைமுகத்தில் சரக்கு இறக்கி ஓய்வுபெற்றவர். நியூயார்க் ஜயன்ட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி என்றால் உயிரை விடுவார். பெயர்தான் நியூயார்க், சொந்த மைதானம் எங்கள் நியூ ஜெர்சியில், ஈஸ்ட் ரதர்ஃபோர்டில். அந்த ஜனவரியில்தான் டென்வர் அணியை 39-20 என்று வென்று, சூப்பர் பௌல் எனப்படும் இறுதிப் போட்டியின் கோப்பையைக் கொண்டுவந்திருந்தார்கள். நான்கு முயற்சிக்குள் பந்தோடு பத்து கஜம் முன்னே போக வேண்டும் என்ற கணக்கை, சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவையும் மிளகு டப்பாவையும் நகர்த்தி எனக்குப் புரியவைத்தார்.

புது சீசனில் ஜயன்ட்ஸுக்கு முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி. செப்டம்பர் 22-ல் ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஒப்பந்தம் முடிந்தவர் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை வேண்டும் என்பதுதான் முக்கியக் கோரிக்கை. ஒரு வார ஆட்டங்கள் ரத்தாயின. அடுத்த வாரம் அணி முதலாளிகள் வெளியாட்களைப் பிடித்து அதே சட்டையை மாட்டி இறக்கினார்கள்.

"ஸ்காப்" என்றார் வீட்டுக்காரர். அவர் விளக்கி முடிப்பதற்குள் எனக்குத் தமிழில் வந்துவிட்டது: கருங்காலி, வேலைநிறுத்தத்தை முறித்து வேலைக்குப் போகிறவன். கோயமுத்தூரில் மில் ஸ்டிரைக்கின்போது அப்பா ராத்திரியில் அம்மாவிடம் அடங்கிய குரலில் சொன்ன சொல்.

அக்டோபர் 5, சான் ஃபிரான்சிஸ்கோவுடன் ஆட்டம். சீசன் டிக்கெட் கையில் இருந்தும் அவர் போகவில்லை, டிவியும் போடவில்லை. 41-21 தோல்வி. அப்புறம் வாஷிங்டனிடம், பஃபலோவிடம். பஃபலோ ஆட்டத்தில் ஜயன்ட்ஸின் நட்சத்திரம் லாரன்ஸ் டெய்லரே சங்கத்தை மீறி இறங்கினார். வீட்டுக்காரருக்கு மிகப் பிடித்த ஆட்டக்காரர். அன்று முழுக்க அவர் யாரோடும் பேசவில்லை.

அந்த வெளியாட்களை என்னால் முழுதாக வெறுக்க முடியவில்லை. கல்லூரியோடு ஆட்டம் முடிந்துபோன பலருக்கு அது ஒரே வாய்ப்பு. ஆனால் கேட்டது எதுவும் கிடைக்காமல் 24 நாளில் சங்கம் திரும்பியது இன்றும் எனக்கு ஆறவில்லை. அந்த உரிமை முழுதாகக் கைக்கு வர 1993 ஆயிற்று. ஜயன்ட்ஸ் 1987 சீசனை ஆறு வெற்றி, ஒன்பது தோல்வி என்று முடித்தது.

அக்டோபர் 25. பழைய ஆட்டக்காரர்கள் வந்துவிட்டார்கள். வீட்டுக்காரர் துறைமுகத்தில் போட்ட தன் கம்பளிக் கோட்டை எனக்கு மாட்டிவிட்டு மைதானத்துக்கு அழைத்துப் போனார். செயின்ட் லூயிஸை 30-7 என்று அடித்தார்கள். ஐந்து தோல்விக்குப் பின் முதல் வெற்றி. ஜெர்சி சிட்டியில் சில கும்பல்கள் இந்தியர்களைத் தேடித் தாக்கிக்கொண்டிருந்த காலம் அது. இருட்டினால் நாங்கள் தனியாக வெளியே போவதில்லை. அன்று திரும்பும்போது பேருந்து நிறுத்தத்திலிருந்து வாசற்படி வரை அவர் என் தோளில் போட்ட கையை எடுக்கவில்லை.