தண்ணீரைப் பெராக்சைடாக்கிய கதை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பத்தாவது படித்தபோது, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீர் வரும் சமன்பாட்டைப் பேலன்ஸ் பண்ணச் சொன்னார்கள், அதாவது இரு பக்கமும் அணுக்களின் எண்ணிக்கையைச் சமமாக்க வேண்டும். இடப்பக்கம் ஆக்சிஜன் 2, வலப்பக்கம் 1. குறைகிறதே என்று எச்டூஓவின் வாலில் ஒரு 2 சேர்த்தேன். எண்ணிக்கை கச்சிதம்! தாளைத் திருப்பிக் கொடுத்த சார், "புண்ணுல ஊத்துனா நுரைக்குமே, அதை எழுதி வச்சிருக்க. தாகத்துக்கு இதைத்தான் குடிப்பியா?" என்றார். ஹைட்ரஜன் பெராக்சைடு.

வாய்பாட்டுக்குள் சின்னதாகக் கீழே எழுதும் எண்ணை, அதாவது கீழ்க்குறியைத் தொட்டால் பொருளே மாறிவிடும். முன்னால் போடும் எண்ணான கெழு மட்டும்தான் நம் கையில்.

இப்போது அக்கா மகளுக்குச் சொல்லித்தரும்போது முறுக்குப் பாக்கெட்டைத்தான் உதாரணமாக இழுக்கிறேன். ஒரு பாக்கெட்டில் 2 முறுக்கு. 3 வேண்டுமென்றால் கடைக்காரர் பிரித்துத் தரமாட்டார். ஆக்சிஜன் வாயுவும் அப்படித்தான், அணுக்கள் இரண்டிரண்டாக வரும்.

கடற்காற்றில் துருப்பிடிக்கும் என் சைக்கிள் செயினையே எடுத்துக்கொள்ளுங்கள். நிஜத் துருவில் தண்ணீரும் கலந்திருக்கும். பாடத்துக்காக இரும்பு ஆக்சைடு என்றே வைத்துக்கொள்வோம். அதன் வாய்பாட்டில் இரும்பு 2, ஆக்சிஜன் 3. வருவது இரண்டிரண்டாக, தேவைப்படுவது மும்மூன்றாக. இரண்டும் சந்திக்கும் இடம் 6. ஆகவே ஆக்சிஜன் 3 பாக்கெட், ஆக்சைடு 2. அதற்கு இரும்பு 4. முடிந்தது.

எந்தத் தனிமத்தில் தொடங்குவது என்று பிள்ளைகள் முழிக்கிறார்கள். ஆக்சிஜனைக் கடைசிக்குத் தள்ளுங்கள், பெரும்பாலும் தப்பாது. அடுப்பு கேஸில் இருக்கும் பியூட்டேன் எரிவதைப் பாருங்கள். கார்பன் 4, எனவே கார்பன் டை ஆக்சைடு 4. ஹைட்ரஜன் 10, எனவே தண்ணீர் 5. இப்போது வலப்பக்க ஆக்சிஜன் 8 + 5 = 13. ஒற்றைப்படை! இங்கேதான் பலர் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். வேண்டாம். தைரியமாக ஆக்சிஜன் ஆறரை பாக்கெட் என்று ரஃப் பக்கத்தில் எழுதிவிட்டு, எல்லாவற்றையும் இரண்டால் பெருக்குங்கள்: பியூட்டேன் 2, ஆக்சிஜன் 13, கார்பன் டை ஆக்சைடு 8, தண்ணீர் 10. இந்த அரைக்கணக்கை எனக்கு யாரும் பள்ளியில் சொல்லவில்லை. பின்னால் தெரிந்தபோது எரிச்சலாகத்தான் இருந்தது.

சல்பேட், நைட்ரேட் போன்றவை இரு பக்கமும் உடையாமல் வந்தால் கொத்தாகவே எண்ணுங்கள். அலுமினியம் ஹைட்ராக்சைடும் கந்தக அமிலமும் சேரும் கணக்கில் சல்பேட்டுக்குள் புகுந்து ஆக்சிஜனைத் தேடினால் தலைசுற்றும். வலப்பக்கம் வரும் அலுமினியம் சல்பேட்டில் சல்பேட் 3, எனவே அமிலம் 3, அலுமினியம் 2, எனவே ஹைட்ராக்சைடு 2, தண்ணீர் 6.

போன வாரம் அக்கா மகள் ஒரு கணக்கில் 4, 6, 4 என்று எழுதி நீட்டினாள். இரு பக்கமும் சரிதான். "எல்லாம் இரட்டைப்படையா இருக்கே, பாத்தியா?" என்றேன். முறைத்துக்கொண்டே 2, 3, 2 ஆக்கினாள்.